எம்.இ. படித்தவர் கவுன்ட்டர் வேலைக்கு வந்தால்

வணக்கம் சார்.

காங்கயம் பக்கம் மோட்டார், பம்ப் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்த கடை. நான், கவுன்ட்டரில் 11 வருடமாக நிற்கும் ஒரு அண்ணன், லோடு இறக்க ஒரு பையன், அவ்வளவுதான் ஆட்கள். பில் போட, டேலியில் ஸ்டாக் ஏற்ற, கூட்டம் இருக்கும்போது கவுன்ட்டரில் நிற்க ஒரு ஆள் வேண்டும் என்று வாசலில் எழுதி வைத்தேன். பிளஸ் டூ போதும், சம்பளம் 13,000.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பக்கத்து ஊர்ப் பெண். பிளஸ் டூ முடித்து டேலி படித்திருக்கிறார். இன்னொருவருக்கு 36 வயது. எம்.இ. மெக்கானிக்கல். இன்ஜினியரிங் காலேஜில் எட்டு வருடம் பாடம் நடத்தியவர். அட்மிஷன் குறைந்து அவர் டிபார்ட்மென்டில் ஆட்களை நிறுத்திவிட்டார்களாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊரை விட்டுப் போக முடியாது. “எந்த வேலையா இருந்தாலும் பாத்துக்கறேங்க” என்றார்.

ஆறு மாதத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. கணக்குப் பார்ப்பவர், “ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி பீரோவில் வையுங்க, ஓட மாட்டார்” என்கிறார். வீட்டில், “பாவம், எடுத்துக்கங்க” என்கிறார்கள். நான் டிப்ளமோவைப் பாதியில் விட்டவன். அவரைப் பார்த்து ராக்கைத் துடைத்து வையுங்கள் என்று எப்படிச் சொல்வேன்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சர்ட்டிபிகேட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். யாரை வேலைக்கு எடுத்தாலும் சரி, ஒரிஜினலை வாங்கி வைக்காதீர்கள். ஜெராக்ஸ் போதும். தனியார் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்த வழக்கம் நம் மாநிலத்தில் இருந்தது. வேறு வேலைக்குப் போக வேண்டுமென்றால் பணம் கட்டி மீட்க வேண்டிய நிலைமையில் எத்தனையோ பேர் தவித்தார்கள். உங்களிடம் வந்தவர் அதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்திருப்பார். நீங்களும் அதையே கேட்டால் அவர் மனதுக்குள் என்ன ஓடும் என்று யோசியுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிற ஆள். காகிதம் உங்கள் பீரோவில் மாட்டியிருக்கிறதே என்று தினமும் கடைக்கு வருகிறவரை நம்பி எப்படிச் சாவியைக் கொடுப்பீர்கள்?

சரி, போய்விடுவார் என்ற பயத்துக்கு வருகிறேன். இதில் நானே தப்புச் செய்திருக்கிறேன். அதைச் சொன்னால்தான் நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

எழுத வருவதற்கு முன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆபீஸ் பொறுப்பில் இருந்தேன். டிஸ்பாட்ச் என்ட்ரி போட ஒரு ஆள் தேவைப்பட்டது. எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்த ஒருவர் வந்தார். நான்தான் எடுத்தேன். வந்து மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன், ஷிப்மென்டுக்கு கார்ட்டன்களை எடை போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பெட்டியில் 36 பீஸ். ஸ்மால் 6, மீடியம் 12, லார்ஜ் 12, எக்ஸ்எல் 6. ஒரு பெட்டி மட்டும் மற்றவற்றைவிட ஏதோ கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. எடை போட்ட பையன் எழுதிவிட்டு அடுத்ததை ஏற்றினான். இவர் கையைக் காட்டி நிறுத்தினார். “இதுல எக்ஸ்எல் ஜாஸ்தி விழுந்திருக்கும், பிரிங்க” என்றார். பிரித்தோம். லார்ஜ் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ்எல் கட்டு ஒன்று இருந்தது. லாரி கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருந்தது. அந்தப் பெட்டி அப்படியே போயிருந்தால் பையரிடமிருந்து என்ன வந்திருக்கும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அவர் ஐந்தாவது மாதம் வேலையை விட்டார். “சொன்னோம்ல, படிச்சவன் நிக்க மாட்டான்” என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, ஸ்கூலுக்கோ காலேஜுக்கோ அவர் போகவில்லை. ரெண்டு தெரு தள்ளி இன்னொரு கம்பெனியில் அதே டிஸ்பாட்ச் வேலை, அதே சம்பளம். அங்கே வெறும் பி.எஸ்சி. என்று சொல்லிச் சேர்ந்திருந்தார்.

ஏன் என்று யோசிக்க எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. எங்கள் கம்பெனியில் முதல் நாளிலிருந்தே அவருக்குப் பெயர் “வாத்தியார்” ஆகிவிட்டது. பாசமாகத்தான் கூப்பிட்டோம். வெளியிலிருந்து யார் வந்தாலும் முதலாளி அவரைக் காட்டி, “எம்.எஸ்சி., பி.எட். நம்மகிட்ட டிஸ்பாட்ச் பாக்கறார்” என்பார். பெருமையாகத்தான் சொன்னார். வாரத்துக்கு ஒரு தடவை நான் கேட்பேன், “வேற எங்கயாவது ட்ரை பண்றீங்களா?” அக்கறையாகத்தான் கேட்டேன். நாள் முழுக்க உழைத்துவிட்டு ஒரு மனிதன், இது உன் இடம் இல்லை என்று ஐந்து மாதம் கேட்டுக்கொண்டே இருந்தால் எப்படி இருப்பான்? போய்விடுவார், போய்விடுவார் என்று சொல்லியே நாங்கள் அவரை அனுப்பினோம்.

அதனால் எஸ்., உங்கள் பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். நல்ல வேலை கிடைத்தால் அவர் போகலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்த இடத்தில் இதற்கு முன்னால் இருந்தவர்கள் எத்தனை மாதம் இருந்தார்கள்? அதை நீங்கள் எழுதவில்லை. உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். கல்யாணம் ஆகிப் போனவர், ஆயிரம் ரூபாய் கூட என்று மில்லுக்குப் போனவர், தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பாதவர் என்று எல்லோரும் இருப்பார்கள். அவர்களைச் சேர்க்கும்போது, நிலைத்து நிற்பார்களா என்று நாம் இவ்வளவு யோசிப்பதில்லை. படித்தவர் வந்தால்தான் யோசிக்கிறோம்.

அமெரிக்காவில் நியூ லண்டன் என்ற ஊரில் ராபர்ட் ஜோர்டன் என்பவர் 1996-ல் போலீஸ் வேலைக்குத் தேர்வு எழுதினார். 33 மதிப்பெண் வாங்கினார். 20 முதல் 27 வரை வாங்கியவர்களைத்தான் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மதிப்பெண் அதிகம், வேலை சலித்துப் போய்விடுவார், பயிற்சிக்குச் செய்த செலவு வீண் என்று காரணம் சொன்னார்கள். அவர் வழக்குப் போட்டார், 2000-ல் மேல் நீதிமன்றத்திலும் தோற்றார். அந்த எண்ணம் சரியா தப்பா என்று நீதிமன்றம் பார்க்கவில்லை. ஆட்கள் வேலையை விட்டுப் போவதைக் குறைக்க அது ஒரு நியாயமான வழி என்று நகர நிர்வாகம் நினைக்க இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. அப்படி நினைக்க உங்களுக்கும் இடம் இருக்கிறது. யாரும் உங்களைக் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆனால் நினைப்பது மட்டும் போதுமா?

நம் நாட்டில் இதற்கு வேறொரு பக்கமும் இருக்கிறது, உங்கள் கடிதத்தில் அது அந்தப் பெண்ணின் உருவத்தில் வந்திருக்கிறது. 2019 நவம்பரில் கோவை மாநகராட்சி 549 தூய்மைப் பணியாளர் இடங்களுக்கு ஆள் எடுத்தபோது பொறியாளர்கள், பட்டதாரிகள், டிப்ளமோ படித்தவர்கள் என்று ஏழாயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். தனியாரில் பன்னிரண்டு மணி நேரம் உழைத்து ஆறாயிரம் ஏழாயிரம் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வேலையின் சம்பளம் 15,700 பெரிய தொகை. அவர்கள்மேல் தப்பு இல்லை. ஆனால் படித்தவர் ஒரு படி இறங்கி வந்தால், அந்தப் படியில் நின்றவர் எங்கே போவார்? இதை யோசித்துத்தான் கேரளத்தில் கடைநிலை ஊழியர் வேலைக்குப் பட்டதாரிகள் விண்ணப்பிக்கக் கூடாது என்றே வைத்தார்கள். ஒடிசாவில் ஒரு வங்கியின் பியூன் வேலைக்குப் பட்டதாரி கூடாது என்ற விளம்பரம் வந்து, டிகிரியை மறைத்துச் சேர்ந்த ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020-ல் வங்கியின் பக்கம்தான் தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். விதியை முன்கூட்டியே விளம்பரத்தில் சொல்லியிருந்தார்கள். அவர் படிப்பை மறைத்திருந்தார். உங்கள் கதையில் இரண்டுமே இல்லை. பிளஸ் டூ போதும் என்று எழுதினீர்கள், அதற்கு மேல் படித்தவர் வர வேண்டாம் என்று எழுதவில்லை. அவரும் எம்.இ.யையும் எட்டு வருட வேலையையும் அப்படியே சொல்லியிருக்கிறார். மறைத்துவிட்டால் வேலை சுலபமாகக் கிடைக்கும் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்ன மனிதரிடம், நீங்கள் ரொம்பப் படித்துவிட்டீர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள்.

அதே சமயம், அந்தப் படிப்பைக் காட்டி அவருக்கு வேலை கொடுத்துவிடவும் கூடாது. பாவம் என்பதும் காரணம் ஆகாது. அந்தப் பெண்ணும் ஏதோ ஒரு கஷ்டத்தில்தான் வந்திருக்கும். உங்களுக்கு வேண்டியது பில், டேலி, கவுன்ட்டர். டேலியில் அந்தப் பெண் இவரைவிடக் கெட்டியாக இருக்கலாம்.

ராக்கைத் துடைக்க எப்படிச் சொல்வேன் என்று கேட்டீர்கள். உங்கள் கவுன்ட்டரில் அவர் புது ஆள், எஸ். பேரிங்கில் 6206 என்று இருந்தால் உள்விட்டம் 30 மில்லிமீட்டர் என்று அவருக்குத் தெரியும். கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்க வேண்டும் என்று கிளாஸில் சொல்லிக் கொடுத்திருப்பார். ஆனால் நம்பர் தேய்ந்து போன பேரிங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, “இதே மாதிரி ரெண்டு குடுங்க” என்று ஒரு விவசாயி நிற்பாரே, அவரிடம் எந்த மோட்டார், எத்தனை ஹெச்பி, எப்போது வாங்கியது, கடைசியாக யார் காயில் கட்டினார்கள் என்று நாலு கேள்வி கேட்டுச் சரியான சாமானை எடுத்து வைப்பது உங்கள் அண்ணனுக்குத்தான் தெரியும். அதைக் கற்றுக்கொள்ள இவருக்கு ஒரு சீசன் முழுக்க ஆகும். பங்குனி, சித்திரையில் கிணறு இறங்கி மோட்டார் மோட்டாராகக் கருகி வரும்போது, அண்ணன் சொல்ல இவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். ராக்கைத் துடைத்தால்தான் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று கைக்குப் பழகும். நீங்கள் துடைத்துத்தானே கற்றீர்கள்? அதையே சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

அண்ணனிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள், இவர் வந்த பிறகு வேண்டாம். 11 வருடம் நின்றவருக்கு, எம்.இ. ஒருவர் வருகிறார் என்றதும் தன் இடம் ஆடுவது போலத் தோன்றும். கவுன்ட்டரில் நீங்கள்தான் பெரியவர், வருகிறவருக்கு நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அவர் உங்கள் வாயால் கேட்க வேண்டும். அவர் சம்பளத்தை எப்போது ஏற்றினீர்கள் என்பதையும் அப்படியே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

நானாக இருந்தால் இரண்டு பேரையும் தனித்தனியாக இரண்டிரண்டு நாள் கடைக்கு வரச் சொல்வேன். இரண்டு பேருக்கும் அந்த நாட்களுக்கான கூலியைக் கையில் கொடுப்பேன். எம்.இ. படித்தவரிடம் எதையும் மறைக்க மாட்டேன். சம்பளம் இவ்வளவுதான், அடுத்த வருடம் ஆயிரம் ஏறலாம், காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை நிற்க வேண்டும், லோடு வந்தால் கை கொடுக்க வேண்டும், இந்தக் கடையில் இதைவிடப் பெரிய வேலை எதுவும் இல்லை என்று சொல்வேன். அதைக் கேட்டுவிட்டு அவர் வந்தால், வருவதா வேண்டாமா என்று யோசித்தவர் அவர். அவருக்கு எது நல்லது என்று நீங்களும் நானும் முடிவு செய்ய வேண்டாம். போவதாக இருந்தால் ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். அந்தப் பெண்ணிடமும் அதையே கேளுங்கள்.

அவரை எடுத்தால், பெயரோடு ‘ங்க’ சேர்த்துக் கூப்பிட்டால் போதும், ‘சார்’ வேண்டாம். வாடிக்கையாளரிடம் அவர் படிப்பைச் சொல்லாதீர்கள். அவராகச் சொன்னால் சொல்லட்டும். பெண்ணை எடுத்தால், எம்.இ. படித்தவரை நீங்களே போனில் கூப்பிட்டு, டேலியில் அவள் வேகமாக இருந்தாள், அதனால் எடுத்தேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

அந்த இரண்டு நாளில் ஒன்று உங்கள் ஊர்ச் சந்தை நாளாக இருக்கட்டும். கூட்டம் இல்லாத நாளில் இரண்டு பேருமே நன்றாகத்தான் தெரிவார்கள்.