எந்தக் கப், எந்த டின்? பலகார அளவுகள்: கேள்வி பதில்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வீட்டிலிருந்தே முறுக்கும் கேக்கும் செய்து விற்கிறேன். தீபாவளி நெருங்குவதால் அளவு பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன.

ஒரு கப் கோதுமை மாவு எத்தனை கிராம், அக்கா? (பூச்சோங்)

மாவைச் சலித்து, கரண்டியால் மெல்லப் போட்டு, மேலே வழித்துவிட்டால் 125 கிராம் வரும். அதே கப்பை மாவுப் பைக்குள் விட்டு அள்ளினால் 150 தாண்டும். மூன்று கப் போடும் கேக்கில் 75 கிராம் வித்தியாசம் என்றால் கேக் வறண்டுதான் போகும். மாவுக்காகவாவது ஒரு தராசு வாங்குங்கள்.

ரைஸ் குக்கரோடு வந்த கப்பில் அளக்கலாமா? (கிள்ளான்)

சோறாக்க அளக்கலாம், கேக்குக்கு வேண்டாம். அது 180 மில்லி, ஜப்பானிய அளவு. நம் ஊர்க் கடைகளில் விற்கும் அளவுக் கப் 250 மில்லி, அமெரிக்கக் குறிப்புகளில் வருவது ஏறக்குறைய 237. எந்தக் கப் என்று பார்க்காமல் மாவைத் தொடாதீர்கள்.

அம்மாவின் நோட்டில் 'அரைக் காத்தி சீனி' என்று இருக்கிறது. (பினாங்கு)

300 கிராம் போடுங்கள். காத்தி பழைய எடை அளவு. 16 தாஹில் சேர்ந்தால் ஒரு காத்தி, கிராமில் ஏறக்குறைய 605. அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஒரு கப் எண்ணெய் 250 கிராம்தானே?

இல்லை. 250 மில்லி எண்ணெய் 230 கிராம். அதே கப்பில் தேன் 350 கிராம் நிற்கும். தண்ணீருக்கு மட்டும்தான் மில்லியும் கிராமும் ஒன்று.

என் பாட்டி தராசையே பார்த்ததில்லை. பால் டின்னில்தான் அளந்தார். அவர் முறுக்கு ஒருநாளும் கெட்டதில்லை! (செந்தூல்)

பாட்டி செய்தது சரிதான், அண்ணே. நாலு டின் அரிசி மாவுக்கு ஒரு டின் உளுந்து மாவு என்று ஒரே டின்னில் அளந்தால், டின் பெரிதானாலும் சிறிதானாலும் விகிதம் மாறாது.

அப்படியென்றால் எந்த டின்னாக இருந்தால் என்ன? (மீண்டும் செந்தூல்)

வெண்ணெயை நீங்கள் டின்னில் அளப்பதில்லையே! பாட்டியின் டின் 397 கிராம் கெட்டிப்பால் அடைத்தது, ஏறக்குறைய 300 மில்லி பிடிக்கும். இப்போது கடையில் கிடைக்கும் 500 கிராம் டின் 380 மில்லி பிடிக்கும். மாவு கால் பங்குக்கு மேல் கூடிவிடும், வெண்ணெயும் உப்பும் பழைய அளவிலேயே நிற்கும். முறுக்கு கல்லாகிவிடும். வெண்ணெய்க் கட்டியிலும் 227 கிராம், 250 கிராம் என்று இரண்டு வருகின்றன, உறையைப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் பாட்டியின் பழைய டின்னே இருக்கிறது. நான் செந்தூல் அண்ணன் பக்கம். (ஈப்போ)

நல்லது, அதைத் தூக்கிப் போடாதீர்கள். தண்ணீர் நிரப்பி, தராசில் வைத்து, டின்னின் எடையைக் கழியுங்கள். வரும் கிராம்தான் அதன் மில்லி. அதை நோட்டில் எழுதிவிட்டால் பேத்திக்கும் அந்த முறுக்கு கிடைக்கும். அண்ணே, நீங்களும் இதைச் செய்து பாருங்கள்.

ஒரு கப் சீனி எத்தனை கிராம்?

எந்தக் கப்? 250 மில்லி என்றால் 210.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். நெய் உருண்டையில் சீனியை எவ்வளவு குறைக்கலாம்?

இதை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு கப் கோதுமை மாவு எத்தனை...

முதல் பதிலைப் படியுங்கள். தராசு வாங்குங்கள்.