பறவை மணலில் ஒட்டவைத்தது போலத் தெரிகிறதா?

கேள்வி: நீர்வண்ணத்தில் பாலைவன வானம்பாடியை வரைகிறேன். பறவை மட்டும் நன்றாக வருகிறது. மணல்மேட்டைச் சேர்த்ததும் வெட்டி ஒட்டியது போல ஆகிவிடுகிறது. மணல் நிறத்தையே பறவைக்கும் கொடுத்தால் காணாமல் போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மணல்மேட்டை விடுங்கள். இந்த வானம்பாடிக்குப் பிடித்தது கல்லும் சரளையும் கிடக்கும் சரிவுதான். அதன் நிறமும் இடத்துக்கு இடம் மாறும். ஜோர்டானின் கருங்கல் பாலைவனத்தில் வாழும் வகை, கல்லைப் போலவே கறுத்திருக்கும். அதனால் எந்த ஊர்ப் பறவை என்று முடிவு செய்துவிட்டு வண்ணத்தைத் தொடுங்கள்.

அடுத்தது வயிறு. உடல் உருண்டையாகத் தெரியட்டும் என்று வயிற்றில் சாம்பல் நிழலை அப்புவது எல்லோரும் செய்வதுதான். பறவையைத் தரையிலிருந்து பிரிப்பதும் அதுவே. முதுகு அடர்ந்தும் வயிறு வெளுத்தும் இருந்தால் வயிற்றில் விழும் நிழலை அந்த வெளுப்பு ஈடுகட்டி உடல் தட்டையாகத் தெரியும் என்று அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர் 1896-இல் விளக்கினார். (பிற்பாடு, பூநாரையின் சிவப்புகூட அந்திவானத்தில் மறையத்தான் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அது வேறு கதை.) போதாததற்கு, வெயில் பட்ட தரை வெளிச்சத்தை மேலே திருப்பி அனுப்புகிறது. ஆகவே வயிற்றுக்கு யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள் வண்ணத்தை நீர்க்கப் பூசினாலே போதும்.

யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரைன் (அடர்நீலம்), இந்த மூன்றிலேயே தரையையும் பறவையையும் முடித்துவிடலாம். முதல் பூச்சைப் பறவையின் மேலேயும் சேர்த்தே ஓட்டுங்கள். வெயில் நேராக விழும் இடங்களில் மட்டும் தாள் வெள்ளையாகவே இருக்கட்டும். காய்ந்த பிறகு பறவையை எடுத்துக்காட்டும் வேலையை நிழலிடம் விடுங்கள். தெளிந்த வானத்தின் கீழ் தரையில் விழும் நிழலில் நீலம் கலந்திருக்கும். அதைக் காலடியிலிருந்தே தொடங்குங்கள். இடைவெளி விட்டால் பறவை மிதக்கும். நடுப்பகலில் நிழல் காலுக்கடியிலேயே ஒடுங்கிவிடும் என்பதால் காலை அல்லது மாலை வெயிலைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சுற்றிலும் ஒரே அழுத்தத்தில் கோடு போடாதீர்கள். முதுகின் விளிம்பு ஓரிரு இடத்தில் பின்னணிக் கற்களோடு கரையட்டும். கண், அலகு, தலை உச்சி மூன்றும் கூர்மையாக இருந்தால் பறவை காணாமல் போகாது. இறகை ஒவ்வொன்றாக வரையத் தோன்றும். சிறகின் ஓரத்தில் நாலைந்து கீற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.