என் வாழையிலைக் கடைக்கு வந்த ஓர் ஏஜெண்டு, ஹலால் சான்றிதழ் இல்லாவிட்டால் கடை லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்கிறார். உண்மையிலேயே முடியாதா?

முடியும். மலேசியாவில் உணவகங்களுக்கு ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) தரும் ஹலால் சான்றிதழ் கட்டாயமில்லை, விரும்பினால் எடுக்கலாம். பன்றியும் மதுவும் விற்காத கடைகளுக்குக் கட்டாயமாக்கலாமா என்ற பேச்சு 2024 செப்டம்பரில் எழுந்தது, அவ்வளவுதான். உங்கள் வாழையிலைக் கடைக்கு வந்த ஏஜெண்டு அந்தச் செய்தியைக் காட்டித்தான் பயமுறுத்தியிருப்பார்.

லைசென்ஸ் புதுப்பிப்பு பற்றிய நகராண்மைக் கழகக் கடிதத்தை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். டைபாய்டு ஊசி, உணவு கையாளும் பயிற்சி இவைதான் வழக்கமாகக் கேட்பார்கள். ஹலால் என்று இருந்தால், எந்தச் சட்டப்படி என்று கழக அலுவலக முகப்பிடத்தில் எழுத்தில் கேளுங்கள். அதுவரை ஏஜெண்டுக்கு ஒரு காசு கொடுக்காதீர்கள்.

கடைப் பலகையையும் ஒரு தடவை பாருங்கள். சான்றிதழ் இல்லாமல் "ஹலால்" என்று எழுதியிருந்தால் உடனே அழியுங்கள். 2011 வணிக விவரிப்புச் சட்டப்படி அது குற்றம். மெனு அட்டை, ஃபேஸ்புக் பக்கமும் சேர்த்துத்தான்.

ஒன்று மட்டும்: பேரங்காடிக்குப் பொட்டலம் போடுவதாக இருந்தால் வாங்குபவரே சான்றிதழ் கேட்கலாம், அது வியாபார நிபந்தனை. அப்போது விண்ணப்பிக்குமுன் யோசியுங்கள். சமையற்கட்டில் முஸ்லிம் பணியாளர் வேண்டும், கல்லாவுக்கு மேலே இருக்கும் முருகன் படத்தையும் விளக்கையும் எடுக்கச் சொல்வார்கள். நம்மவர்கள் பலர் அங்கேதான் பின்வாங்குகிறார்கள்.