சோக சீனுக்கு வயலின் போட்டும் ஃபீல் வரலையா?

கேள்வி: ஷார்ட் ஃபிலிம் ஒண்ணுக்கு பிஜிஎம் பண்றேன். அப்பா பையன பஸ் ஏத்தி விட்டுட்டு தனியா திரும்பி நடக்குற சீன். மைனர் கார்ட் (சோகமா கேக்குற சுரக்கூட்டம்), வயலின், ஸ்லோ டெம்போனு எல்லாம் போட்டுட்டேன், பாக்குறவங்களுக்கு ஒண்ணுமே ஆகல. எங்க தப்பு?

பதில்: வயலின்னாலே சோகம்னு நம்பினதுதான் முதல் தப்பு. 1960ல வந்த சைக்கோ படத்துக்கு மியூசிக் டைரக்டர் பெர்னார்ட் ஹெர்மன் முழுக்க தந்தி வாத்தியம் மட்டும்தான் வச்சாரு, ஷவர் சீன்ல அதே வயலின் மேல் ஸ்தாயில கீச்சுனு கத்தும்போது எவனுக்காவது அழுகை வந்துச்சா? (அந்த சீனுக்கு மியூசிக்கே வேணாம்னு சொன்ன படத்தோட டைரக்டர் ஹிட்ச்காக், கேட்டப்புறம்தான் மனசு மாறினாரு.)

காதை ஏங்க விடணும், அதுதான் விஷயம். உங்க ட்யூன் ஏ மைனர்னு வச்சுக்குவோம், ஏ தான் ஸ. பேஸ் (அடியில ஒலிக்கிற கீழ் சுரம்) ஈ-க்கு, அதாவது ப-வுக்கு இறங்கும்போது வயலின் கூடவே நகரக்கூடாது, ஸ-வையே பிடிச்சுட்டு நிக்கணும், அப்போ மேலயும் கீழயும் ஒட்டாம ஒரு உறுத்தல் வரும், ரெண்டு பீட் அப்படியே விட்டுட்டு அரை சுரம் இறங்கி ஜி ஷார்ப்புக்கு, நம்ம காகலி நி-க்கு வாங்க. சஸ்பென்ஷன்னு சொல்லுவாங்க, பழைய சர்ச் மியூசிக் காலத்து வித்தை, இன்னும் வேலை செய்யுது. படம் செகண்டுக்கு 24 ஃப்ரேம்ல எடுத்திருந்தா, டெம்போ 60 (நிமிஷத்துக்கு 60 பீட்) வச்சா ஒரு பீட்டுக்கு சரியா 24 ஃப்ரேம், அதனால அப்பா பஸ்ஸ திரும்பிப் பாக்குற இடத்துல அந்த உறுத்தல உக்கார வச்சு, அவர் முகத்த திருப்பிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சப்புறம் நி-க்கு இறங்கலாம். முகம் தெரியும்போதே இறங்கிட்டா போச்சு.

அப்புறம், சீன் ஆரம்பிச்சதுமே மியூசிக்க விட்டிருப்பீங்கனு நினைக்கிறேன். வேணாம். கண்டக்டர் விசில், இன்ஜின் சத்தம் எல்லாம் தேஞ்சு போற வரைக்கும் ஒரு நோட்டு கூட வேணாம், டைரக்டர் "இங்க காலியா இருக்கே சார்"னு கேப்பாரு, கேக்காத டைரக்டர நான் பாத்ததில்ல, தாக்குப்பிடிங்க. அதுக்கப்புறம் முதல்ல ஒரே ஒரு செல்லோ (வயலின் குடும்பத்துல பெருசு), கீழ் ஸ்தாயில.

கீபோர்டுல சாம்பிள் வச்சு வாசிக்கிறீங்கன்னா எக்ஸ்பிரஷன (சத்தத்த ஏத்தி இறக்குற கண்ட்ரோல) ஒரே அளவுல விட்டுடாதீங்க, லாரி ஹாரன் மாதிரிதான் கேக்கும். நோட்ட வைப்ராட்டோ (சுரத்த லேசா நடுங்க விடுறது) இல்லாம மெதுவா ஆரம்பிச்சு, பாதிக்கு மேல கொஞ்சம் ஏத்தி, பேஸ் மாறுற இடத்துல வைப்ராட்டோ சேருங்க.