ஐரோப்பாவில் அழகான ஓட்டல்: எந்த அறை என்று கேட்டு வாங்குங்கள்

கேள்வி: ஆம்ஸ்டர்டாமில் கால்வாய் ஓரத்துப் பழைய வீட்டை ஓட்டலாக்கிய இடம் ஒன்றில் தங்க ஆசை. உடன் 68 வயது அம்மாவும் வருகிறார். நான்கு நட்சத்திரம் என்றால் லிஃப்ட் இருக்கும்தானே?

பதில்: இருக்கலாம். ஆனால் அது உங்கள் அறை வரை போகுமா என்பதுதான் கேள்வி.

அந்தக் கால்வாய் வீடுகள் 17ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. அந்தக் கால்வாய் வட்டம் முழுவதும் 2010 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. வீடுகள் ஒடுக்கம், படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்து. முகப்பின் உச்சியில் கொக்கியோடு ஓர் உத்தரம் நீட்டிக்கொண்டிருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கட்டிலும் அலமாரியும் அந்தப் படியில் ஏறாது என்பதால், கயிறு கட்டி ஜன்னல் வழியாக இழுத்துக்கொள்ள வைத்தது அது. மேசை ஏறாத படியில் அம்மா ஏற வேண்டியிருக்குமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சிறிய ஓட்டல்களில் லிஃப்ட்டே இருக்காது. பெரிய ஓட்டல்களில் வேறு சிக்கல். புலிட்சர் ஓட்டல் 25 வீடுகளை உள்ளுக்குள் இணைத்து உருவானது. இப்படி இணைத்த கட்டடங்களில் வீட்டுக்கு வீடு தளமட்டம் மாறும். லிஃப்ட்டை விட்டு இறங்கிய பிறகும் நான்கு படி ஏறி மூன்று படி இறங்கி அறைக்குப் போக நேரலாம். முன்பதிவுத் தளத்தில் ‘லிஃப்ட் உண்டு’ என்ற குறி இதையெல்லாம் சொல்லாது.

ஆகவே பணம் கட்டும் முன் ஓட்டலுக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். நாங்கள் பார்க்கும் அறை எந்த மாடி? தெருவாசலிலிருந்து கட்டில் வரை மொத்தம் எத்தனை படி? குளிக்க நேராக நடந்து நுழையலாமா, தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டுமா? ஜன்னல் கால்வாய்ப் பக்கமா, பின்கட்டுப் பக்கமா? குளிர்சாதனம் உண்டா? ஆங்கிலத்தில் எழுதினால் போதும். வரும் பதிலை அழிக்காதீர்கள். அங்கே போனதும் வேறு அறை கொடுத்தால் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான். பதிலே போடாத ஓட்டலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

குளிர்சாதனத்தைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் வெளிச்சுவரில் இயந்திரம் மாட்ட எளிதில் அனுமதி கிடைக்காது. கூரைக்கடியில் மரச்சட்டங்களோடு படத்தில் மிக அழகாகத் தெரியும் அறைதான் ஜூலையில் அதிகம் வேகும்.

விலை பார்க்கும்போது ஒன்று: ஆம்ஸ்டர்டாம் நகரம் அறை வாடகையில் 12.5 சதவீதம் சுற்றுலா வரி வாங்குகிறது. வாட் என்ற மதிப்புக்கூட்டு வரி சேர்க்காத வாடகை 200 யூரோ என்றால் ஓர் இரவுக்கு 25 யூரோ. சில தளங்கள் இதைக் கடைசித் திரையில்தான் காட்டும். தங்குமிடங்களுக்கான வாட் வரியும் 2026 ஜனவரியிலிருந்து 9இலிருந்து 21 சதவீதமாகிவிட்டது. அதற்கு முன் போய்வந்தவர்கள் சொல்லும் வாடகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி: பாரிஸில் ஒரு மூன்று நட்சத்திர ‘பூட்டீக்’ ஓட்டல். படத்தில் அறை விசாலமாகத் தெரிகிறது. கணவன், மனைவி, இரண்டு பெரிய பெட்டிகள். போதுமா?

பதில்: இடிக்கும். பிரான்சில் மூன்று நட்சத்திர ஓட்டலின் இருவர் அறைக்குக் குறைந்தபட்ச அளவு குளியலறையையும் சேர்த்து 13.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 145 சதுர அடி. நான்குக்கு 16, ஐந்துக்கு 24. நட்சத்திரம் அளவையும் வசதிகளையும் எண்ணித் தருவது. அழகுக்கு அதில் மதிப்பெண் கிடையாது. சிறிய, தனிப் பாணியுள்ள ஓட்டல் என்ற பொருளில் வரும் ‘பூட்டீக்’ என்பதற்கு எந்த விதியும் இல்லை, யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம்.

படத்தை ஏமாறாமல் பார்க்கக் கட்டிலைப் பாருங்கள். அகலக்கோண லென்ஸ் வைத்து வாசல் மூலையிலிருந்து எடுத்தால் எந்த அறையும் கூடமாகத் தெரியும். கட்டிலின் இரண்டு பக்கமும் ஆள் நடக்க வழி இருக்கிறதா, ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கிறதா? ஒட்டியிருந்தால் இரவில் ஒருவர் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். கட்டிலின் அகலத்தையும் கேளுங்கள். அங்கே இருவர் கட்டில் பல இடங்களில் 140 சென்டிமீட்டர்தான், 160 கேட்டு வாங்குங்கள். நாற்காலி, விளக்கு, குழாய் என்று துண்டு துண்டாகக் காட்டி முழு அறையை ஒரு படத்தில்கூடக் காட்டாத ஓட்டல் எதையோ மறைக்கிறது. விருந்தினர்கள் போட்ட படங்களில் உங்கள் அறை வகையைத் தேடிப் பிடியுங்கள்.

தனித்தன்மை உள்ள ஓட்டல் என்றாலே அறைக்கு அறை வேறு. எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு 1900இல் உயிர்விட்ட ‘லோட்டெல்’ ஓட்டலில் இருப்பதே 20 அறைகள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் மலிவான வகையைப் பதிவு செய்துவிட்டு விளம்பரப் படத்தில் உள்ள அறையை எதிர்பார்த்தால் மனக்கசப்புதான் மிஞ்சும். வகையின் பெயரையும் சதுர மீட்டரையும் உறுதிச்சீட்டில் சரிபாருங்கள். உறக்கம் முக்கியம் என்றால் முற்றத்துப் பக்க அறை கேளுங்கள். காட்சி இருக்காது, நிம்மதி இருக்கும்.

கேள்வி: ‘பணம் திரும்பாது’ என்ற மலிவுக் கட்டணத்தில் ஓட்டல் பதிவு செய்துவிட்டேன். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா இன்னும் வரவில்லை. இணையத்தில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்ய ஐரோப்பாவில் உரிமை உண்டாமே?

பதில்: பொருள்களுக்கு உண்டு. குறிப்பிட்ட தேதிக்கு எடுத்த தங்குமிடத்துக்கு அந்த உரிமை பொருந்தாது, ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இதை வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. இப்போது செய்யக்கூடியது, தேதியை மட்டும் மாற்றித் தர முடியுமா என்று ஓட்டலுக்கு எழுதிக் கேட்பது. நாள் நெருங்குவதற்குள் கேளுங்கள். மறுவிற்பனைக்கு நேரம் இருக்கும்போதுதான் அவர்கள் இறங்கி வருவார்கள்.

இனிப் பயணம் போகிறவர்களுக்கு: விசா கையில் வரும் வரை இலவச ரத்து உள்ள அறைதான். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்னரே கொடுக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில வேளை 45 நாள் வரை இழுக்கும். ரத்துக்கான கடைசி நாள் அதற்குப் பின்னால் விழுகிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். அந்தக் கெடு ஓட்டல் இருக்கும் ஊர் நேரப்படி. விசா வந்தபின் வேறு ஓட்டலுக்கு மாறலாம், ஆனால் அதிக இரவுகள் தங்கும் நாடாக விண்ணப்பத்தில் காட்டியதை மாற்றாதீர்கள்.

கேள்வி: கோபன்ஹேகனில் வடிவமைப்புக்குப் பேர்போன ஓட்டலில் தங்க விருப்பம். நாங்கள் இருவரும் 12 வயது மகளும்.

பதில்: டேனிஷ் கட்டடக் கலைஞர் ஆர்னே யாகப்சன் கட்டடத்திலிருந்து நாற்காலி வரை வடிவமைத்து 1960இல் திறந்த ராயல் ஓட்டல் அங்கேதான் இருக்கிறது. ‘எக்’, ‘ஸ்வான்’ நாற்காலிகள் அதற்காகவே பிறந்தவை. ஆனால் அவர் வைத்தபடி காக்கப்படுவது 606ஆம் அறை மட்டும். மற்ற அறைகள் புதுப்பிக்கப்பட்டவை என்று தெரிந்தே போங்கள்.

மகளோடு போவதால், எந்த நவீன ஓட்டலானாலும் குளியலறைக்குச் சுவர் இருக்கிறதா என்று கேளுங்கள். கண்ணாடித் தடுப்போ, அறைக்குள்ளேயே தொட்டியோ வைப்பது இந்த வகை ஓட்டல்களில் சகஜம், குடும்பத்துக்கு அது பெரும் சங்கடம். மூன்றாவது ஆளுக்குக் கட்டில் போடுவார்களா, சோபாவா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அங்கே யூரோ இல்லை, டேனிஷ் குரோனர். அட்டை தேய்க்கும் கருவி ரூபாயில் கட்டவா என்று கேட்டால் குரோனரையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் கருவிக்காரர் வைத்த மாற்று விகிதத்தில் பணம் போகும்.