தனுஷ்கோடி ரயில் நிலையம் ஏன் மீண்டும் கட்டப்படவில்லை?

1964 புயலில் உடைந்த பாம்பன் பாலத்தை உடனே சீரமைத்தவர்கள், தனுஷ்கோடி நிலையத்தை மட்டும் ஏன் கைவிட்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மண்டபத்தில் வளர்ந்த நான் புரிந்துகொண்ட வரையில், அந்த நிலையம் கப்பலை நம்பி எழுந்தது என்பதிலேயே விடை இருக்கிறது.

1914 வரை இலங்கைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பு சென்றார்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் ரயில் தீவைக் கடந்து தனுஷ்கோடிக்கே வந்தது. அங்கிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான் என்பதால், சென்னையில் போட் மெயில் என்ற, கப்பலோடு இணைந்த ரயிலில் ஏறியவர் சிறிது நேரக் கடற்பயணத்துக்குப் பின் அக்கரையில் காத்திருக்கும் ரயிலில் கொழும்புக்குப் போக முடிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்றதே பிரதான பாதை. ராமேஸ்வரத்துக்குப் போனது அதன் கிளைதான். இன்று ராமேஸ்வரத்தில் இறங்கும் பலருக்கு இது தெரிவதில்லை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவலில் தங்கவைக்கப்பட்ட பிறகு இந்தப் பாதையில்தான் கடல் கடந்தார்கள். அவர்களுடைய வரலாற்றைச் சொல்லாமல் இந்த நிலையத்தின் வரலாற்றைச் சொல்வது முறையாகாது என்று கருதுகிறேன்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653 எண் பாசஞ்சர் ரயில், நிலையத்தை நெருங்கிய வேளையில் பேரலையில் சிக்கியது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே புயல் பாம்பன் பாலத்தின் 126 இரும்பு உத்திரங்களைச் சாய்த்தது. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் தூக்குப்பாலம் தப்பியது. ஆறு மாதம் ஆகும் என்று எண்ணப்பட்ட அந்த வேலையை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாட்களில் முடித்தார்.

ஆனால் தனுஷ்கோடி, மக்கள் வாழத் தகுதியற்ற இடமாக அறிவிக்கப்பட்டது. கோயிலுக்கு வரும் யாத்ரீகர்களுக்கு ராமேஸ்வரம் வரை ரயில் போனால் போதும்; கப்பலையும் அங்கேயே மாற்றிவிட்டார்கள். புயலுக்கு இரண்டு மாதம் முன்புதான் இலங்கை, இந்தியப் பிரதமர்களுக்கிடையே சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்த 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்பதென முடிவாகியிருந்தது. அவர்களின் பெற்றோரும் பாட்டன்மாரும் தனுஷ்கோடி வழியே சென்றார்கள். திரும்பி வந்தவர்களோ ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். 1980களில் இலங்கைப் போர் அந்தக் கப்பலையும் நிறுத்தியது. அதன் பிறகு தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் போட வணிகக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை.

2019 மார்ச்சில் ராமேஸ்வரம் – தனுஷ்கோடி ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது, பாதை வரவில்லை. தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை போடப்பட்ட சாலையில் ஏராளமானோர் வந்துபோகிறார்கள். நிலையத்தின் எஞ்சிய சுவர்களை உப்புக்காற்று அரித்துக்கொண்டிருக்கிறது. ரயில் வருவதற்கு முன்பாகவே அந்தச் சுவர்களைப் பாதுகாத்து, 653 எண் ரயிலில் இறந்தவர்களையும் அவ்வழியே கடல் கடந்த தொழிலாளர்களையும் பற்றிய விவரங்களை அங்கே எழுதிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.