எழுபதில் அதிரும் அம்பாசிடர்: கிரவுன் பினியன் வாங்கலாமா?

கேள்வி: அப்பா 1986-இல் வாங்கிய மார்க் 4 அம்பாசிடர், பெட்ரோல் வண்டி, இன்னும் எங்களிடம் ஓடுகிறது. மேலூரிலிருந்து மதுரைக்கு வாரம் இரண்டு முறை நான்குவழிச் சாலையில் வருகிறேன். கொஞ்ச நாளாக 65-ஐத் தாண்டினால் தரையும் பின் சீட்டும் ‘கிர்ர்’ என்று அதிர்கின்றன. 70-இல் உச்சம், 80-இல் கொஞ்சம் அடங்குகிறது. ஸ்டீயரிங் ஆடவில்லை. வீல் பேலன்சிங் இரண்டு முறை செய்தாயிற்று. மெக்கானிக், “கிரவுன் பினியன் போச்சு, பழைய செட் ஒன்று கைவசம் இருக்கு, வேலையோடு 18,000 ஆகும்” என்கிறார். வாங்கலாமா? சொல்ல விட்டுப்போனது: பொங்கலுக்கு முன்னால்தான் அதே பட்டறையில் கிளட்ச் பிளேட்டும் கிராஸும் (ஷாஃப்டின் மூட்டு) மாற்றினோம்.
– மேலூர் வாசகர்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். “சொல்ல விட்டுப்போனது” என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது.

கிரவுன் பினியன் என்பது பின் ஆக்ஸிலுக்குள் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடி. அது தேய்ந்தால் வண்டி ஊளையிடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, காலை எடுத்தால் வேறு சுருதி. 70-இல் மட்டும் வந்து 80-இல் அடங்குகிற அதிர்வு பல் தேய்ந்ததன் குணம் இல்லை. சுற்றுகிற ஏதோ ஒன்று எடை சமமில்லாமல் சுற்றுகிறது. இன்னொன்று, கிரவுனும் பினியனும் ஜோடியாகவே உரசிப் பொருத்தப்பட்டவை. எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று தெரியாத பழைய செட்டை, ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) அளவு பார்க்காமல் ஏற்றினால் இப்போது இல்லாத ஊளையைக் காசு கொடுத்து வாங்கியதாகிவிடும்.

சுற்றுகிறவை மூன்று: எஞ்சின், புரொப்பல்லர் ஷாஃப்ட் (எஞ்சின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு), சக்கரம். உங்கள் டயரின் சுற்றளவு ஏறக்குறைய இரண்டு மீட்டர். 70 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பத்துச் சுற்று சுற்றும். ஷாஃப்ட் அதைப்போல நாலு மடங்குக்கும் மேல், அதாவது நொடிக்கு நாற்பதுக்கும் மேல். அதனால் சக்கரக் கோளாறு ‘தடதட’ என்று ஆட்டும். முன்சக்கரம் என்றால் கையில் தெரியும், பின்சக்கரம் என்றால் இடுப்பில் தெரியும். ஷாஃப்ட் கோளாறு உறுமும். நீங்கள் எழுதிய ‘கிர்ர்’ இரண்டாவது வகை போலத்தான் படுகிறது.

ஊகத்தை நம்ப வேண்டாம், சோதித்துவிடலாம். விடியற்காலையில் ஒத்தக்கடை தாண்டி யானைமலையை விட்டு வெளியே வந்ததும் சாலை காலியாக இருக்கும். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து மொபைலில் ஜி.பி.எஸ். வேகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நாற்பது வருட ஸ்பீடோமீட்டர் முள் சொல்வதை நான் நம்புவதில்லை. 75-க்குப் போய் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, எஞ்சினை ஐடிலில் விட்டு, அப்படியே உருள விடுங்கள். சாவியை மட்டும் அணைக்காதீர்கள். 70-ஐக் கடக்கும்போது அதே அதிர்வு வந்தால் எஞ்சினும் கிளட்சும் நிரபராதிகள். வரவில்லையென்றால் கிளட்ச் பிளேட் வேலையையும் எஞ்சின் மவுண்டிங்கையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அடுத்து, பின்சக்கரங்களை முன்னாலும் முன்சக்கரங்களைப் பின்னாலும் மாற்றிப் போடுங்கள். ஸ்டீயரிங் ஆட ஆரம்பித்தால் சக்கரம்தான். எதுவும் மாறாமல் தரை மட்டும் அதிர்ந்தால் ஷாஃப்ட். இந்த இரண்டு சோதனைக்கும் பெட்ரோல் செலவு மட்டும்தான்.

ஷாஃப்ட் என்று முடிவானால் வண்டியை ரேம்ப்பில் ஏற்றிக் கண்ணால் பாருங்கள். கிளட்ச் மாற்றும்போது ஷாஃப்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஹவுசிங் (பின் ஆக்ஸில் கூடு) பக்கத்து ஃபிளாஞ்சை (போல்ட் போடும் வட்டத் தட்டு) கழற்றும் முன் இரு பக்கமும் ஓர் உளிக்கோடு போட்டுக்கொள்வார்கள், பழைய கைகள். கோடு போடாமல் கழற்றி, வந்தபடி மாட்டினால் சில வண்டிகளில் இப்படித்தான் ஆகும். போல்ட்டுகளைக் கழற்றி ஃபிளாஞ்சை அரைச்சுற்று திருப்பி மாட்டி ஓட்டிப் பாருங்கள். அதிலேயே பாதிக்கு மேல் குறைந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் புதுக் கிராஸ். அதன் நாலு முனைக் கப்பிலும் சர்க்ளிப் என்ற பூட்டு வளையம் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா? ஷாஃப்டைக் கையால் மேலும் கீழும் அசைத்தால் ‘டக்’ என்ற ஆட்டம் இருக்கிறதா? கப் ஓரத்தில் செம்மண் மாதிரி துருத்தூள் கசிந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங்கில் கிரீஸ் இல்லை என்று அர்த்தம். அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. இன்று கடையில் கிடைப்பது பழைய இருப்பாகவும் இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். கப் லூசாக உட்காரும் கிராஸை எந்த பேலன்சிங்கும் காப்பாற்றாது.

ஷாஃப்ட் குழாய் மேலும் விரலை ஓட்டிப் பாருங்கள். நசுங்கல் இருக்கக் கூடாது. தபால்தலை அளவில் பற்றவைத்த எடைத் தகடு இருக்கும். அது தெறித்துப்போன இடத்தில் வெல்டிங் தழும்பு மட்டும் தெரியும். என் பத்மினி காரில் இப்படித்தான் மூன்று மாதம் அலைந்தேன். மழைக்கு முன்னால் அடியில் கறுப்புக் கோட்டிங் அடிக்கக் கொடுத்திருந்தேன். பையன் ஷாஃப்டின் ஒரு பக்கத்துக்கும் சேர்த்து அப்பிவிட்டான். மண்ணெண்ணெயும் புட்டிக் கத்தியும் வைத்துச் சுரண்டியதில் உள்ளங்கை நிறையத் தார் வந்தது. அதிர்வு அன்றோடு போயிற்று. அதற்குள் நான் வாங்கிப் போட்டிருந்த கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் வீண்செலவு.

இவ்வளவுக்கும் மசியவில்லையென்றால் லாரி ஷாஃப்ட் வேலை பார்க்கும் பட்டறைக்குப் போங்கள். “மெஷினில் சுற்றவிட்டு பேலன்ஸ் பார்ப்பீர்களா” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். லேத்தில் பிடித்து நேராக இருக்கிறதா என்று பார்ப்பது வேறு வேலை. பின் ஸ்பிரிங் பட்டையில் கூடுதலாக ஒரு பட்டை ஏற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஹவுசிங்கின் கோணம் மாறினாலும் கிராஸ் இப்படி உறுமும்.

சரியாகும் வரை, சோதனை ஓட்டம் தவிர, 50-ஐத் தாண்ட வேண்டாம். முன்பக்கக் கிராஸ் ஓட்டத்தில் உடைந்தால் ஷாஃப்ட் சாலையில் குத்தும்.

பணத்தைப் பொறுத்தவரை, முதலில் அதே மெக்கானிக்கிடம் போய், பொங்கல் வேலையைச் சரிபார்த்துத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சிலேயே முடிந்துவிடும். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது; மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. பில் வாங்கினீர்களா என்று எழுதவில்லை. இல்லையென்றால் ஜி-பே செய்த பதிவையாவது எடுத்து வையுங்கள். இனிமேல் எந்தப் பட்டறையிலும் கழற்றிய பழைய சாமானைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கினேன். “டயர் எல்லாம் புதுசு” என்றார் விற்றவர், பட்டனும் (டயரில் சாலையைத் தொடும் மேல்பரப்பு) நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் 80-இல் ஆடுகிறது.
– திருமங்கலம் வாசகர்

பதில்: டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஓடாமல் நின்ற காரில் பட்டன் தேயாது, ரப்பர் மட்டும் இறுகும், நின்ற இடத்தில் தட்டையாகும். இருபது கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் ஆட்டம் மறைகிறதென்றால் நின்ற தட்டைதான். மறையவில்லையென்றால் ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, பட்டனை ஒட்டி ஒரு சாக்பீஸை அசையாமல் பிடியுங்கள். கோடு ஒரே இடத்தில் மட்டும் விழுந்தால் டயரோ ரிம்மோ கோணல். பேலன்சிங்குக்குக் காசு கொடுக்க வேண்டாம்.